எங்கள் தெருக் கம்பெனியில் தாமோதரன்

7-2-83, திங்கள்

காலையில் நல்ல பனி. ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. சைக்கிள் டியூப் ஒட்ட வேண்டும். அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை.

கல்லூரியில் நாள் முழுக்க நூலகம். புராஜெக்ட் பேப்பர் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது. தோல் பதனிடுவதைப் பற்றித் தோலைத் தொடாமலே எழுதுகிற படிப்பு.

தாமோதரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. புராஜெக்டுக்குப் பதிலாக ஆறு மாதம் தோல் கம்பெனியில் பயிற்சி, அதற்கே மதிப்பெண். வகுப்புக்கு ஒரே இடம். எந்தக் கம்பெனி? எங்கள் தெருக்கோடியில் இருப்பது! பிறந்ததிலிருந்து அந்த வாடையில் வளர்ந்தவன் நான். அவன் அணைக்கட்டு கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற வீட்டுப் பையன். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான்.

நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். அவன் பாதிக் கேள்விக்கு, "தெரியாது சார், கத்துக்கறேன்." அதுதான் பிடித்துவிட்டதாம். எனக்கு இரண்டாம் இடம். வயிறு எரிகிறது. இனி இந்த டைரியில் அவன் வெறும் தா. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

8-2, செவ்வாய்

டியூப் ஒட்டவில்லை.

பயிற்சியை மேற்பார்க்கிறவர் பேச்சிமுத்து சார். திருநெல்வேலிக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வகுப்பில் சொன்னார்: "சொல்லாமக் கொள்ளாமப் போவேன். நான் போற நேரம் ஆளு அங்க இல்லைன்னா காரணமெல்லாம் கேக்க மாட்டேன். பயிற்சி ரத்து. அடுத்தவனுக்கு அந்த இடம்."

அடுத்தவன் நான்.

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நீ ஆம்பூர்தானடே? வெள்ளிக்கிழமை எனக்குக் கிளாஸ் இல்ல. வழி காட்டுதியா? அவன்ட்ட மூச்சு விடாதே."

ஆம்பூரில் தோல் கம்பெனிகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளிகள் தொழுகைக்குப் போகிற நாள். ஞாயிறு வேலை நாள். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். சாருக்குத் தெரியாது. தா. வியாழக்கிழமை சாயங்காலமே அணைக்கட்டுக்குப் பஸ் ஏறிவிடுவான்.

"போலாம் சார்" என்றேன்.

9-2, புதன்

சாயங்காலம் தா. எங்கள் வீட்டுக்கு வந்தான். பின் தெருவில்தான் அறை எடுத்திருக்கிறான். வேலை முடிந்து வந்தால் அம்மா தோசை ஊற்றாமல் விடமாட்டாள். "பாவம், கம்பெனியில உழைச்சிட்டு வருது." நான் வேலூர் வரை நின்றுகொண்டு போய் வருவது பாவம் இல்லை.

மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். கீழே அவன் குரல், "சேகர் இல்லியாம்மா?" அம்மா கூப்பிட்டாள். தூங்குவதுபோல் கிடந்தேன். அவன் பேசப் பேச அம்மா சிரிப்பது கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அம்மா என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

10-2, வியாழன்

டியூப் ஒட்டியாயிற்று. வெள்ளைச் சட்டை இஸ்திரி.

அம்மா: "டேய், அந்தப் புள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு..."

"அவன் பேச்சையே எடுக்காதம்மா."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

செய்வது சரியில்லை என்று தெரிகிறது. நான் பொய் சொல்லவில்லை, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதான். இப்படி எழுதிப் பார்த்தாலும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அந்த இடம் வேண்டும்.

11-2, வெள்ளி

வெயில். பத்து மணி பஸ்ஸில் சார் வந்தார். கம்பெனி கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஜும்மா சார், லீவு" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"பையன் எங்க?"

"உள்ளதான் கீறாரு."

சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலைத் தினமும் புரட்ட வேண்டும். லீவென்று ஒரு நாள் விட்டாலும் சரக்கு கெட்டுவிடும். புரட்டுகிற ஆளுக்குக் காய்ச்சலாம். தா. ஊருக்குப் போகாமல் தானே குழியில் இறங்கியிருக்கிறான். முழங்கால் வரை சுண்ணாம்பு, கையில் கொக்கி. எங்களைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சார் அரை மணி நேரம் அவனோடு குழி ஓரத்திலேயே நின்றார். திரும்பும்போது என் தோளைத் தட்டினார். "லீவு நாள்ல வேலை செய்யுத பையனைக் காட்டத்தான் கூட்டியாந்தியா? நல்ல சிநேகிதன்டே நீ."

பஸ் ஏற்றிவிட்டேன்.

12-2, சனி

புராஜெக்ட் இன்னும் பாதிகூட ஆகவில்லை. மாத்திரை வாங்க மறந்தே போனேன்.

சாயங்காலம் தா. வந்தான். மாடிக்கு ஓட நேரமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். சுண்ணாம்பில் வெந்து விரலெல்லாம் வெடிப்பு.

"அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனேன் இல்ல, இந்த வாரம் ஊருக்குப் போகல, வெள்ளிக்கிழமை குழியில இருப்பேன்னு. அத வச்சிதான சாரை அன்னிக்கே கூட்டினு வந்தே? யார்டா செய்வாங்க இப்டி?"

அம்மா தோசையைத் திருப்பாமல் நின்றாள்.

"ஆமாம்டா" என்றேன்.

அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான். அம்மா தட்டுகளை எடுத்தாள். கருகின தோசையை எனக்கு வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"நான்தான் இன்னும் உன்கிட்ட சொல்லவே இல்லியேடா?"