வலைக்குண்டைப் பல்லால் கடித்த என் மகளின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டி

அனுப்புநர்:
கி. கரோலின்,
க/பெ. கிளமெண்ட் (காலஞ்சென்றவர்),
ராயபுரம், சென்னை – 13.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: வீட்டை ஒட்டியுள்ள ஈயம் உருக்கும் கொட்டகையை மூடவும், கருவுற்றிருக்கும் என் மகளின் இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் மீன்வலை கட்டிப் பிழைப்பவர்கள். எங்கள் பின்சுவரை ஒட்டிய கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயம் உருக்கி, வலைக்குக் குண்டு வார்க்கிறார்கள். அந்தக் குண்டைக் கயிற்றில் மாட்டிப் பல்லால் கடித்து இறுக்குவது எங்கள் சந்தின் வழக்கம். குறடு எடுத்தால் வேலை ஓடாது. என் கணவர் சிறு வயதிலிருந்தே அப்படிக் கடித்தவர்.

2. சென்ற வருடம் அவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றார்கள். கொட்டகையை விசாரிக்கும்படி ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "ஈயத்தால் சிறுநீரகப் புற்றுநோய் ஏற்படுவது ஆய்வுக்கூட எலிகளில் காணப்பட்டுள்ளது. மனிதர்களிடம் போதிய சான்று இல்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது" என்று பதில் வந்தது.

3. படுக்கையில் கிடந்தவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். "எலிக்கு வந்தா ஒத்துக்குறாங்கோ, எனுக்கு வந்தா சான்று கேக்குறாங்கோ. நான் எலியாவே பொறந்திருக்கலாம் போல கீதுமே" என்று சிரித்தார். அந்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

4. ஈயத்தால்தான் செத்தார் என்று நான் சாதிக்கவில்லை ஐயா. படித்தவர்களுக்கே உறுதியில்லாதது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எலிக்கு எவ்வளவு ஈயம் கொடுத்தோம் என்று அளந்திருப்பார்கள். அவர் உடம்பில் எவ்வளவு இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் சான்று எங்கிருந்து வரும்?

5. என் மகள் ஆன்சி ஏழு வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குண்டு கடித்தவள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். கடிப்பதை நிறுத்திவிட்டோம், கொட்டகைப் புகையை எங்களால் நிறுத்த முடியவில்லை. சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. இரத்தம் பார்க்கக் கேட்டால், அந்தச் சோதனை இங்கே கிடையாது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

6. இந்த மனுவாலும் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் பிள்ளையைப் பெற்றவள், கேட்காமல் இருக்க முடியவில்லை. கொட்டகையை மூடுங்கள். மனுஷி என்று அவளுக்குச் செய்ய விதியில் இடமில்லை என்றால், ஆய்வுக்கூடத்து எலி என்றாவது எண்ணி அவள் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா.

இடம்: ராயபுரம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
கி. கரோலின்