குழலில் தங்கிய தோட்டா

நம் மகளின் அப்பாவுக்கு,

நேற்று மாலை பயிற்சித் திடலிலிருந்து வந்த கையோடு, சாப்பாட்டு மேசையிலேயே புதுத் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தீர்கள். "தோட்டாப் பெட்டியத்தான் கழட்டிட்டேனே, இனி இது வெறும் இரும்பு, பயந்தாங்கொள்ளி" என்று என்னைக் கேலி செய்தீர்கள். எதிரே மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நீங்கள் குழலைத் திறக்கும் போல்ட்டை இழுத்ததும் குழலில் தங்கியிருந்த தோட்டா ஒன்று தெறித்து, உருண்டு, அவள் நோட்டின்மேல் போய் நின்றது.

உங்கள் வங்கிக் காவல் வேலைக்குத் துப்பாக்கி வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. பதினைந்து ஆண்டு அனுபவம் தந்த அலட்சியத்தை எதிர்க்கிறேன். துடைக்கும் கம்பியையும் எண்ணெயையும் மாடி அறைக்கு மாற்றிவிட்டேன். இனி அங்கே, கதவைச் சாத்திக்கொண்டு, குழலைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே துணியை எடுங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மகள் நான்கு மணிக்கு வருவாள். "அது வெடிச்சிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்று காலையில் கேட்டாள். "அப்பாகிட்டயே கேளு" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலை நீங்களே சொல்ல வேண்டும். மழுப்பாமல், தவறு உங்களுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பி.கு.: உங்களைத் திட்டுவதற்காக எடுத்த காகிதம் இது. ஆனால் தோட்டாவை எடுத்த கையோடு நீங்கள் மகளின் தலையைத் தடவியதை நான் பார்த்தேன். தனியாகச் சொல்ல முடியாதென்றால் ஆறு மணி வரை பொறுத்திருங்கள். நான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.