சகலை ஏறிய கோபுரம்

அன்பு மகளுக்கு, பெற்றது என் அண்ணன் என்றாலும் செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்ற உரிமையில் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் சித்தி என்னைவிடச் சுகம், எட்டாவது மாடியில் குடியிருக்கும் அவளுடைய அக்கா கணவர், அதாவது என் அருமைச் சகலை, அவருக்கு மட்டும் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது. அதற்கு மூல காரணம் அடியேன் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். போனில் நீ கேட்டாயே, கடைத்தெருவுக்குப் போகச் சொன்னாலே கால் வலிக்கிறது என்கிற சித்தப்பாவுக்குக் கடல் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் ஆயிரம் வருஷத்துக் கோயிலைப் பார்க்கிற பக்தி எங்கிருந்து வந்தது என்று. பக்தியாவது ஒன்றாவது. இது படையெடுப்பு. நான் பழிவாங்கப் போகிறேன் மகளே, பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து முறைப்படி பழிவாங்கப் போகிறேன்.

சகலை அந்தக் கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து இந்தக் கட்டடத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்துக் கோபுரத்தின் உயரம் சொல்வார், நீ கேட்டுக்கொண்டே நின்றால் பால் தயிராகிவிடும். படிகள் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்குமாம், இவர் சிறுத்தை மாதிரி ஏறினாராம். ஒருநாள் சொந்தக்காரர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு டிவியில் போட்டோ காட்டினார். உச்சியிலிருந்து எடுத்த படம் ஒன்று வந்தது, கீழே காடு பச்சைக் கம்பளம் மாதிரி விரிந்து கிடந்தது. உன் சித்தி வாயைத் திறந்து ஒரே ஒரு ஆசை சொன்னாள், எனக்கும் ஒரு தடவை இங்க நின்னு பாக்கணும் அத்தான் என்று. அதற்கு அந்த மனுஷன், உனக்கு எதுக்கும்மா இந்த ஆசை, நாலாவது மாடிக்கே லிப்ட் வரலன்னா கீழயே பாய் விரிச்சிடுவ, நீ டிவியிலயே பாத்துக்க, வேணும்னா பெருசு பண்ணிக் காட்டுறேன் என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு டம்ளரை அரை மணி நேரம் கழுவினாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் நான் சபதம் போட்டேன், இவளை அந்தக் கோபுரத்தின் உச்சியில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று.

நான் யார்? இந்த வட்டாரத்தில் ஓடும் லிப்டுகளுக்கெல்லாம் மெக்கானிக், அதாவது சக்கரவர்த்தி. நம் கட்டட லிப்டுக்கு வடம் தேய்ந்துபோயிருந்தது, மாற்ற வேண்டியதுதான், பொய்யில்லை. நிறுத்திவிட்டு, 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையைத் தொங்கவிட்டேன். மற்றவர்கள் எல்லோரும் பின்பக்கத்துச் சாமான் லிப்டில் போய்வந்தார்கள், கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் நம் சகலை ஒரு காலத்தில் மேனேஜர் அல்லவா, குப்பைக் கூடையும் கட்டிலும் போகிற பெட்டிக்குள்ள நான் நிக்கணுமா என்று கர்ஜித்துவிட்டுப் படியில் ஏறினார். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். உன் சித்திக்கு அதே படிகளில் கோயில் பயிற்சி, அவருக்குத் தண்டனை. புது வடம் வந்து மோட்டார் அறையில் படுதாவுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, நான்தான் எழுப்பவில்லை. துணைக்கு உன் சித்தியோடு முதல் நாள் நானும் ஏறினேன், ஆறாவது மாடியில் யாரோ வீட்டு மிதியடிமேல் படுத்துவிட்டேன், அதை விடு. அவள் நின்று நின்று ஏறினாள், பிறகு நிற்காமல் ஏறினாள், இப்போது எட்டு மாடியையும் ஏறி இறங்கிவிட்டு வந்து எனக்குக் காபி போடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சகலையும் அவர் மனைவியும் கடைக்குப் போய்த் திரும்பி ஏறிவரும்போது நாலாவது மாடியில் நம் வீட்டு வாசல் படியிலேயே சகலை உட்கார்ந்துவிட்டார், முகம் வேகவைத்த பீட்ரூட். அவர் பையையும் சேர்த்துச் சுமந்துவந்த உன் பெரியம்மாவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, உன் சித்தியிடம் கொட்டிவிட்டாள். அங்கயும் இதே கூத்துதான்டி, ஏழெட்டு படி ஏறினாரு, தல சுத்துதுன்னு இறங்கிப் போயி மரத்தடியில உக்காந்துட்டாரு, மேல ஏறி போட்டோ புடிச்சது பூரா நான்தான் என்றாள். மகளே, எனக்குக் காதில் தேன் பாய்ந்தது, தேன் என்ன, தேனீயும் கூடும் சேர்ந்து பாய்ந்தது. உச்சிப் படம் ஒன்றில்கூட நீங்கள் இல்லையே என்று முன்பு யாரோ கேட்டபோது, எடுக்கிறவன் எப்படிய்யா படத்துல இருப்பான் என்று அடக்கியவர் இவர். நான் மாடி மாடியாகப் போய்த் தண்டோரா போடக் கிளம்பினேன். உன் சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து, நீங்க வாயத் தொறக்கக் கூடாது என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். எதிர்வீட்டு டீச்சரும் வாட்ச்மேனும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெல்லம் மாதிரிக் குரலில், அத்தான், நாங்க போறப்ப நீங்களும் அக்காவும் கட்டாயம் வரணும், உங்களுக்குத்தான் மேல ஏறுற வழி தெரியும், முன்னால போய்க் காட்டுங்க என்றாள். அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நான் லிப்டைத்தான் நிறுத்தினேன், இவள் ஆளையே நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தி உயிரோடு இருக்கிறேனே, எனக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

அதனால் எங்கள் நாலு பேருக்கும் நீயே டிக்கெட் போட்டுவிடு, நீ அங்கிருந்து நேராக வந்து சேர்ந்துகொள். விசா வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்றார்கள், அதில் நான் கொலைக்குற்றவாளி மாதிரி இருக்கிறேன், பயப்படாதே. சித்திக்கு வழுக்காத செருப்பு ஒன்று வாங்கி வா. ஏறும்போது அவளுக்குப் பின்னால் நீ இரு, பெரியம்மா முன்னால் போகட்டும், அவளுக்குத்தான் நிஜமாகவே வழி தெரியும். என் முழங்காலை நம்பி நான் ஏறுவதாக இல்லை, சகலையோடு மரத்தடியில் உட்காரப்போகிறேன். உன் சித்தி உச்சியில் நிற்பதை அவர் பார்க்க வேண்டும், அவர் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் மகளே இவ்வளவு தூரம் பறந்து வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, எல்லா நலமும் பெற்று எங்கள் ஆயுளையும் சேர்த்து வாழ்வாயாக. முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. சித்தி உத்தரவுப்படி லிப்டைச் சரிசெய்துவிட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, ஆனால் சகலை அதில் ஏற மறுக்கிறார். படியில்தான் போகிறார். நேற்று ஆறாவது மாடிவரை உட்காராமல் போய்விட்டதாக வாட்ச்மேன் சொல்கிறான். விடுமுறையை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாயே, கூடவே கூடாது, இந்த மாதத்திலேயே டிக்கெட் போடு.

ஆசிகளுடனும் அவசரத்துடனும்,
உன் சித்தப்பா