மகளின் கலியாணத்துக்கு ஆறு போத்தல்

எப்பெர்னே, பிரான்ஸ்
2025 மார்ச் 9

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

நீரும் மகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஃபோனில் கதைத்தால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன். ஷெரோனுக்கு ஓகஸ்டில் கலியாணமாம், உம்முடைய அண்ணை சொன்னார்.

நான் வேலை செய்கிற, ஷாம்பெயின் வைன் செய்கிற வீடு ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. முதலாம் உலக யுத்தத்துக்குப் புருஷன் போய்விட, அந்த வீட்டு மனுஷி ஷெல்லடிக்குள் நின்று திராட்சை பறிப்பித்தாவாம். எங்களுக்குத் தெரியாத ஷெல்லா! அவ தொடக்கின வழக்கம் ஒன்று: வேலைக்குச் சேர்கிறவனுக்கு அந்த வருஷத்து வைனில் ஆறு போத்தல் ஒதுக்குவார்கள். அவன் வீட்டில் நல்ல காரியம் வரும்வரை, போத்தலுக்குள் படிகிற மண்டியோடு நிலவறையில் கிடக்கும். என்னுடையது 2013. மண்டியை எடுத்து, புதுத் தக்கை அடித்து அனுப்பட்டுமா? மகளுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
றெக்ஸ்

இல்-பிசார், மொன்றியல்
மார்ச் 24

ஷெரோனின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே பனி இன்னும் கரையவில்லை.

நல்லாயிருக்குது உங்கட கதை! மகள் முதல் நன்மை வாங்கின அன்று கோயில் வாசலில் குடிவெறியில் விழுந்து கிடந்த மனுஷன், கலியாணத்துக்குப் போத்தல் அனுப்பப் போறாராம். பிள்ளை வெள்ளை உடுப்போடு நின்று அழுதது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் வீட்டை விட்டுப் போங்கோ என்றேன். உங்களை நிலவறைக்குள் விட்ட அந்தக் குடும்பத்துக்கு விசர்தான் பிடிச்சிருக்குது.

கோயிலில் பிள்ளையைக் கைப்பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போவது அண்ணை. சாப்பாட்டைக் கவனியுங்கோ.

அஞ்சலீனா

எப்பெர்னே
ஏப்ரல் 8

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

நீர் ஏசினது சரி. ஒன்று மட்டும் சொல்ல விடும். அந்த ஆறு போத்தலும் ஒதுக்கின நாளோடு குடியை விட்டேன். பன்னிரண்டு வருஷம், ஒரு மிடறும் இறங்கவில்லை. ருசி பார்க்கிற நாளிலும் வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். "துப்புறதிலை றெக்ஸை வெல்ல ஆளில்லை" என்று முதலாளி மதாம் பகிடி பண்ணுகிறா.

பிள்ளையை வளர்த்தது அண்ணை, அவரே கூட்டிப்போகட்டும். எனக்குக் கோயிலில் கடைசி வாங்கில் குந்தியிருக்க ஒரு இடம் கிடைக்குமா?

றெக்ஸ்

இல்-பிசார்
ஏப்ரல் 21

இஞ்சாருங்கோ,

நேற்று உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வந்து, உங்கட கடிதத்தை ஷெரோனுக்கு வாசித்துக் காட்டினேன். துப்புகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசி வாங்கு என்றதும் எழும்பிப் போய்விட்டாள். பேந்து வந்து, "அம்மா, அப்பாவை வரச் சொல்லுங்கோ" என்றாள்.

போத்தலை அனுப்பாதேங்கோ, வழியில் உடையும். கஸ்டம்ஸில் ஆளுக்கு இரண்டு கொண்டுவர விடுவார்களாம். கையோடு கொண்டு வாங்கோ. மற்ற நாலையும் மண்டியோடே விடச் சொல்லுங்கோ. பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தேவைப்படும்.

கூட்டிப்போவது அண்ணைதான், அது மாறாது. ஆனால் கடைசி வாங்கை எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து ஏலாது. முன்வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருங்கோ.

விருந்தில் எனக்கு ஒரு வாய் நீங்கள் ஊற்றுங்கோ. உங்கட கிளாசுக்கு நான் ஜிஞ்சர் ஏல் சோடா ஊற்றுவேன்.

உங்கட,
அஞ்சலீனா