தாண்டின நானூறு அடி

செவ்வாய்க்கிழமை.

விசாரணை முடியுற வரைக்கும் பறக்க வேணாம்னு விமானக் கம்பெனியில அனுப்பிட்டாங்க. நாலு நாளா வீட்டுலதான் இருக்கேன். எஸ்டேட் லைன் வீடுகள்ல எல்லாரும் லீவுன்னு நினைக்கிறாங்க.

அன்னைக்கு விமானம் கிளம்பினதும் ஆறாயிரம் அடியில நிக்கச் சொல்லியிருந்தாங்க. கேப்டன்தான் ஓட்டினார். ஆறாயிரத்தைத் தாண்டுறத நான் பார்த்தேன். சொல்ல வேண்டியது கோ-பைலட் வேலை, என் வேலை. அவருக்குத் தெரியாததான்னு வாய மூடிட்டு இருந்தேன். நானூறு அடி கூட ஏறின பிறகு கீழ கன்ட்ரோல் டவர்லேருந்து சத்தம் போட்டாங்க.

இன்னைக்குத்தான் அப்பா கேட்டார். "கேப்டன எதுத்துப் பேசிட்டியாம்மா?"

"இல்லப்பா. ஒரு வார்த்தை பேசல."

"அப்ப வேலைக்கு ஒன்னும் ஆகாதுலா."

தேயிலைக் காட்டுல முப்பது வருஷம், துரை முன்னால வாயத் திறக்காதவர். நிம்மதியாப் படுத்துட்டார். குறட்டை இங்க வரைக்கும் கேக்குது.