ஆணியில் மாட்டிய சாவிக்கொத்து

என்னங்க,

எழுப்பினா போக வேணாம்னு மறுபடியும் சண்டை பிடிப்பீங்க. அதான் சொல்லாம கிளம்பிட்டேன். ஆறரை பஸ்ல, ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்கு, தனியா! புது மாத்திரை ஆரம்பிச்சு பத்து மாசமாச்சு, ஒரு தடவைகூட வலிப்பு வரலையே! தையல் மெஷின் மட்டும் வேணாம், செக்கிங் டேபிள்ல உட்காரலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு.

உப்புமா மூடி வெச்சிருக்கேன்.

வலிப்பு வந்தா பஸ்ல யாராவது என் கையில திணிக்கட்டும்னு நேத்து சண்டை ஓஞ்சதும் பையில போட்டீங்களே இரும்புச் சாவிக்கொத்து, அதை ஆணியில மாட்டிட்டேன். பன்னெண்டு வருஷம் பிடிச்சது போதும். இனிமே அது கதவைத் திறக்கட்டும்.

பிளாரன்ஸ்

சொல்ல மறந்துட்டேன்: காலை மாத்திரை போட்டாச்சு. சாயந்திரம் பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. தாங்கிப் பிடிக்க இல்ல, சும்மா பேசிக்கினே நடந்து வர.