யெசேனியாவின் நடைச் சோதனை

மொனிகிரா,
மார்ச் 4

அன்புள்ள எடில்பெர்த்தோவுக்கு,

நூபியா எழுதுகிறேன். அங்கே சிலியில் லாரி ஓட்டி ஓட்டி வந்த முதுகுவலி குறைந்ததா? கொய்யா மிட்டாய் ஆலையில் எனக்கு மறுபடி பகல் வேலையே கொடுத்துவிட்டார்கள். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேசினால் நம் மகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள். வாட்ஸ்அப்பில் போட்டால் எனக்கு முன்னால் அவள்தான் படிக்கிறாள். பத்து வயதுக்கு இவ்வளவு துப்பறியும் வேலை ஆகாது.

விஷயம் இதுதான். யெசேனியாவின் நடையையும் மூச்சையும் முடக்குகிற நோய்க்கு அந்த விலை உயர்ந்த மருந்தைத் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிவிட்டது. நீதிபதி உத்தரவு போட்டாரே என்பீர்கள். போட்டார். ஆனால் அதில், நடைச் சோதனை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கவும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குள் புகுந்துகொண்டார்கள்.

தப்பு என்னுடையது. பொகோட்டாவில் பெரிய ஆஸ்பத்திரி, நாலு பேர் பார்க்கிற இடம், நம்மை யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது என்று, போவதற்கு முன் மூன்று நாள் அவளைக் கட்டிலை விட்டே இறங்க விடவில்லை. அன்று விடியுமுன் குளிப்பாட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, புது ஷூ மாட்டி, வலி மாத்திரையும் கொடுத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கிக்கொண்டே போனேன். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று ஒரு நீளத் தாழ்வாரத்தில் விட்டு அளந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். "அடேயப்பா, பொண்ணு எவ்வளவு நல்லா நடக்குறா பாருங்கம்மா!" என்றார் கம்பெனி டாக்டர். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொன்னேன். மருந்தில்லாமலே நன்றாக இருக்கிறாள், இப்போதைக்குத் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ரோசல்பா அக்காவைத் தெரியுமல்லவா, இதே நோயுள்ள பையனின் அம்மா. கேள்விப்பட்டதும் என்னைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தாள். "ஏன்டி, கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போனே? என் பையன் பஸ்லேருந்து எப்படி நொண்டிட்டு இறங்கினானோ அப்படியேதான் உள்ள கூட்டிட்டுப் போனேன். அதான் அவனுக்கு மருந்து கிடைச்சுது!" என்றாள்.

நீதிபதியிடம் மறுபடி மனு கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி இன்னொரு சோதனை. அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். மருந்து தள்ளிப்போகப் போக மூச்சு வாங்குவது அதிகமாகும், போன தெம்பு திரும்பாது என்கிறார் நம் டாக்டர். இந்த முறை ஓய்வும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஆனால் பிரச்சினை அதில் இல்லை.

நேற்று மாத்திரை கொடுக்காமல் மாதா கோயிலைச் சுற்றி நடக்கச் சொன்னேன். இரண்டாவது சுற்றிலேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வலிச்சா உக்காரு கண்ணு" என்றேன். "வலிக்கலம்மா" என்றாள். ஷூவைக் கழற்றும்போது கால் இரண்டும் நடுங்கின. ஏன்டி பொய் சொன்னாய் என்று அதட்டினேன். "என்னைக் கூட்டிட்டுப் போக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீயே நடந்து வந்தா, கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்னு அப்பா சொன்னாரு. உக்காந்தா வர மாட்டாரு" என்றாள்.

அவளுக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் போய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது.

அவளைப் பொய்யாக நொண்டச் சொல்ல மாட்டேன். வலிக்கும்போது வலிக்கிறது என்று சொன்னால் போதும். என் பேச்சை அவள் கேட்க மாட்டாள். பத்தொன்பதுக்கு முன்னால் அவளை ஃபோனில் கூப்பிடுங்கள். ஒரு அடிகூட நடக்காவிட்டாலும், பஸ் ஸ்டாண்டுக்கு அவளை அம்மா தூக்கிக்கொண்டு வந்தாலும், அப்பா வருவேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு, வந்தும் சேருங்கள்.

சிகின்கிரா மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
நூபியா